தோட்டாக் கூடும் அளவச்சும்



சரித்திரம் என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அப்போர்களின் போக்கையே மாற்றிய சிறு பொருள்கள் சில உண்டு. பாடநூல்களில் அவற்றுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. அத்தகைய ஒரு பொருளைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அது விரல் நீளமே உள்ள ஒரு பித்தளைக் கூடு. ரைபிள் துப்பாக்கியின் தோட்டாவில் வெடிமருந்தையும் குண்டையும் தாங்கி நிற்பது அதுவே.

சுட்டு முடிந்ததும் அந்தக் கூடு சற்றே பருத்துவிடுகிறது. அதனை மறுபடியும் பயன்படுத்த வேண்டுமாயின் பழைய அளவுக்குக் கொண்டுவருதல் வேண்டும். கடினமான எஃகினால் செய்த ஓர் அச்சு அப்பணியைச் செய்கிறது. பட்டறைகளில் அதனை 'டை' என்பர். நாம் அளவச்சு என்று அழைப்போம். பழைய அளவு என்று சொன்னேன். எது பழைய அளவு? அந்தக் கூட்டைச் சுட்ட ஒரே ஒரு துப்பாக்கிக்குப் பொருந்தும் அளவா? அவ்வகைத் துப்பாக்கிகள் அனைத்துக்கும் பொருந்தும் பொது அளவா? இக்கேள்விக்குத் தவறான விடை கண்டவர்கள் போர்க்களத்தில் உயிரிழந்ததும் உண்டு. ஆகவே அதன் வரலாற்றைச் சற்று விரிவாகவே காண்போம்.

உலோகக் கூடு தோன்றுவதற்கு முன்னர்த் தோட்டா என்பது காகிதச் சுருளாக இருந்தது. வீரன் அதன் நுனியைக் கிழித்து, மருந்தைக் குழலின் வாய் வழியே கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்குவான். என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் பூசிய கொழுப்பைப் பற்றி எழுந்த ஐயமே 1857-ஆம் ஆண்டுச் சிப்பாய்களின் எழுச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதே 1857-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஸ்மித், வெஸ்ஸன் என்னும் இருவர் உலோகக் கூட்டுத் தோட்டாவைச் சுடும் சிறிய கைத்துப்பாக்கி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். காகிதத் தோட்டா ஒரு சாம்ராஜ்யத்தை உலுக்கிக்கொண்டிருந்த அதே வேளையில் அதன் முடிவுக்கும் வித்து ஊன்றப்பட்டது.

உலோகக் கூட்டின் பெருமை யாது? குழலின் பின்புறம் திறந்து மூடும் துப்பாக்கியை ஆக்குவதற்குப் பலர் நெடுங்காலம் முயன்றனர். எரியும் மருந்தின் வாயு பின்புற மூட்டுகளின் வழியே பீறிட்டுச் சுடுபவனின் முகத்தைத் தாக்கியமையால் அம்முயற்சிகள் இடர்ப்பட்டன. உலோகக் கூடு இத்தொல்லையைத் தீர்த்தது. மருந்து எரியும்போது ஒரு சதுர அங்குலத்தில் ஏறக்குறைய 50,000 பவுண்டு அழுத்தம் உண்டாகிறது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் அது மூவாயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. அவ்வழுத்தத்தில் கூட்டின் மெல்லிய சுவர் புடைத்து, துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னால் வர வழியில்லை. குண்டு குழலை விட்டு நீங்கியதும் அழுத்தம் தணிகிறது; சுவரும் சிறிதே சுருங்கிப் பிடியை விடுகிறது. கூட்டை எளிதாக வெளியே இழுத்துவிடலாம்.

பௌதிக வகுப்பில் மீள்சக்தியைப் பற்றிப் படிக்கிறோம். ஒரு பொருளைச் சிறிது நீட்டிவிட்டால் அது பழைய நிலைக்கு மீளும். எல்லை கடந்து நீட்டினால் முழுவதும் மீளாது. தோட்டாக் கூட்டில் இவ்விரண்டும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. அது முழுவதும் மீளாததால் பருத்து நிற்கிறது. சிறிதேனும் மீள்வதால் அறையில் சிக்காமல் வெளிவருகிறது. அந்தச் சிறிய மீட்சி இல்லையேல் நேர்வது என்ன என்பதைச் சரித்திரம் காட்டியிருக்கிறது.

1870-களில் அமெரிக்கப் படையின் தோட்டாக் கூடுகள் செம்பினால் ஆனவை. செம்பு மென்மையானது, பித்தளையைப்போல் விரைந்து சுருங்குவதன்று. 1876-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், இன்றைய மொன்டானா மாநிலத்தில், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் தளபதி கஸ்டரும் அவருடன் இருந்த படையினரும் லக்கோட்டா, செயென் மக்களோடு பொருது மடிந்தனர். சுட்ட கூடுகள் அறையில் சிக்கிக்கொண்டமையே தோல்விக்குக் காரணம் என்ற பேச்சு அப்போது எழுந்தது. அப்போரில் தப்பிய மேஜர் ரீனோ, தம் படையின் 380 துப்பாக்கிகளுள் 6 இவ்வாறு பயனற்றுப்போயின என்று மேலிடத்துக்கு எழுதினார். பின்னர் 1983-இல் அப்போர்க்களப் புல்வெளி தீப்பற்றி எரிந்தது. 1984 முதல் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் அந்நிலத்தைத் துருவி ஆராய்ந்து கூடுகளைச் சேகரித்தனர். சிக்கியதற்கான கீறல்களைத் தாங்கியவை அவற்றுள் மிகச் சிலவே. ஆகவே தோல்விக்குச் செம்புக் கூடே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. குறை இருந்தது மெய். அதுவே முழுக் காரணமாகாது. சரித்திர மாணவர்கள் இந்த நிதானத்தைக் கற்றுக்கொள்ளுதல் நலம்.

பிரிட்டிஷ் படைக்கும் இத்தகைய அனுபவம் வாய்த்தது. வுல்விச் ஆயுதச்சாலையின் அதிகாரியான பாக்ஸர் வகுத்த தோட்டாவில், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டியே கூடு செய்யப்பட்டது. 1885-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் சூடானில் அபு கிளியா என்னுமிடத்தில் நடந்த போரில், மணலும் வெப்பமும் சேர, அத்தோட்டாக்களைச் சுட்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் பல சிக்கிக்கொண்டன. அதன் பின்னர்ச் சுருள் கூடு வழக்கொழிந்தது. முழுப் பித்தளையை இழுத்துச் செய்த கூடு நிலைபெற்றது.

இக்கூட்டுக்கு உரிய பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். முதலில் வட்டமாக வெட்டிய தகட்டைக் கிண்ணமாக அழுத்துவர். பின்பு அக்கிண்ணத்தை ஒன்றைவிட ஒன்று குறுகிய அச்சுகளின் வழியே தள்ளித் தள்ளி நீண்ட குழாயாக்குவர். பொற்கொல்லர் கம்பியைச் சிறிய துளை, அதனினும் சிறிய துளை என்று இழுத்து மெலிதாக்குவதைப் பார்த்தவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். கூடு பிறப்பது அச்சினால். சுட்ட பின் மறுபிறவி எடுப்பதும் அச்சினாலேயே.

மறுபிறவி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் என்.சி.சி. மாணவர்கள் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குச் செல்லும்போது உடன் செல்வதுண்டு. பயிற்சி முடிந்ததும் வெற்றுக் கூடுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, எண்ணிக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒரு முறை ஒரு மாணவன், "ஐயா, கூடு உடையவில்லையே, இதில் மறுபடியும் மருந்தை நிரப்பினால் என்ன?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அவன் கையில் இருந்தது .22 அளவுக் கூடு. அதில் தீப்பற்றும் மருந்து அடி விளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. அடிக்கும் ஊசி அம்மடிப்பை நசுக்கிவிடுவதால் அதனை மீண்டும் பயன்படுத்துதல் இயலாது. பெரிய ரைபிள் தோட்டாவின் அமைப்பு வேறு. தீபாவளியில் சிறுவர் வெடிக்கும் பொட்டுக் கேப்பை நீங்கள் அறிவீர்கள். அதனை ஒத்த கேப்பு ஒன்று சிறிய உலோகக் கிண்ணத்தில் அமைந்து, கூட்டின் அடி நடுவில் பொருத்தப்பட்டிருக்கும். சுட்ட பின் அதனைத் தட்டி அகற்றிப் புதியதை வைக்கலாம்.

ஆகவே ஒரு தோட்டாவில் கூடு, கேப்பு, மருந்து, குண்டு என்று நான்கு உறுப்புகள். ஒரு முறை சுட்டால் மூன்று செலவாகிவிடும், கூடு எஞ்சும். நான்கனுள் செய்வதற்கு மிகுந்த உழைப்பு வேண்டுவதும் அதுவே. அதனை எறிந்துவிட மனம் வருமா?

நடுக் கேப்பு அமைப்பு 1866-ஐ ஒட்டி இருவரால் இருவகையில் வகுக்கப்பட்டது. ஒருவர் மேலே கூறிய ஆங்கிலேயர் பாக்ஸர். மற்றவர் அமெரிக்கர் பெர்டான். பாக்ஸர் முறையில் தீ செல்லும் துளை நடுவில் ஒன்றே. பெர்டான் முறையில் நடுவில் ஒரு சிறு மேடும் அதன் பக்கத்தில் சிறு துளைகளும் உள்ளன. அமெரிக்கர் வகுத்த முறை ஐரோப்பாவில் பரவிற்று. ஆங்கிலேயர் வகுத்த முறை அமெரிக்காவில் வேரூன்றிற்று. இவ்விடமாற்றத்தினால் ஒரு பெரிய விளைவு உண்டாயிற்று. நடுவில் துளை இருந்தால், அளவச்சின் உள்ளே ஓர் ஊசியைப் பொருத்தி, கூட்டை அச்சில் ஏற்றும் அதே அழுத்தத்தில் பழைய கேப்பையும் தள்ளிவிடலாம். அமெரிக்காவில் தோட்டாவை மீண்டும் நிரப்பும் பழக்கம் வீடுகள்தோறும் பரவியதற்கு இந்த எளிமை ஒரு காரணம்.

நகரங்களும் கடைகளும் அருகில் இல்லாத மேற்கத்திய சமவெளிகளில் வேட்டையாடித் திரிந்தோர் ஈயம், மருந்து, கேப்பு ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கிச் சென்று, கூடாரத்திலேயே கூடுகளை நிரப்பிக்கொண்டனர். படையிலும் இவ்வழக்கம் புகுந்தது. வெளியிலிருந்து கேப்பு வைக்கும் கூடுகள் வந்த பின்னர், பிலடெல்பியாவின் பிராங்க்போர்டு ஆயுதச்சாலையில் செய்த கருவிகளைக் கொண்டு, படை முகாம்களில் பயிற்சித் தோட்டாக்களை நிரப்பினர். 1884-இல் கனெக்டிகட் மாநிலத்து நியூஹேவன் நகரில் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்னும் தொழிலகத்தை நிறுவி, பாக்குவெட்டியைப்போல் இரு கைப்பிடிகள் கொண்ட நிரப்புக் கருவியை விற்கத் தொடங்கினார். சட்டைப் பைக்குள் அடங்கும் அக்கருவி கூட்டின் கழுத்தை மட்டும் குறுக்கும். முழுக் கூட்டையும் பழைய அளவுக்குக் கொண்டுவருதல் கைப்பிடிக்கு அடங்காத வேலை.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்வி எதிர்ப்படுகிறது. கழுத்தை மட்டும் குறுக்கினால் போதுமா? கூடு முழுவதையும் குறுக்க வேண்டுமா?

கழுத்தைக்கூடக் குறுக்க வேண்டாம் என்று வாழ்ந்தோரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர் குறிபார்த்துச் சுடும் சங்கங்கள் பலவற்றை நடத்தினர். 200 கஜ தூரத்தில் உள்ள இலக்கை நின்றபடியே சுடுவது அவர்களுடைய போட்டி. அவர்களுக்குத் துப்பாக்கிக் குழல் செய்து புகழ்பெற்றவர் ஹாரி போப். 1861-இல் பிறந்து 1950-இல் மறைந்த அவர், தாமும் தேர்ந்த குறியாளர். அப்போட்டியாளர் பலர் ஒரே ஒரு கூட்டையே வைத்துக்கொண்டு நாள் முழுவதும் சுட்டனர். சுடுவது, கூட்டை எடுப்பது, கேப்பையும் மருந்தையும் இடுவது, மீண்டும் அதே அறையில் வைப்பது, இதுவே முறை. குண்டைக் குழலிலேயே தனியாக வைத்தனர். அந்தக் கூடு அந்த அறைச் சுவரோடு ஒட்டிப் புடைத்துப் புடைத்து, அவ்வறையின் வார்ப்பாகவே ஆகிவிட்டது. அதற்கு அச்சு எதற்கு? துப்பாக்கியே அச்சு. தனக்கே உரிய அளவின் உச்சநிலை இது.

இதற்கு நேர் எதிரான கொள்கை பொது அளவு. 1785-இல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெபர்சன், ஹோனோரே பிளாங்க் என்னும் துப்பாக்கிக் கைவினைஞரின் பட்டறையைக் கண்டார். துப்பாக்கி விசைகளின் உறுப்புகள் அங்கே வெவ்வேறு குவியல்களாகக் கிடந்தன. கைக்கு வந்ததை எடுத்துத் தாமே பொருத்திப் பார்த்தார். எல்லாம் இசைந்து பொருந்தின. அதனை வியந்து தம் நாட்டுக்கு எழுதினார். அதுவரை ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றையும் கைவினைஞர் அராவி இசைத்தனர். ஒருவர் செய்ததை, அவரை ஒருபோதும் காணாத மற்றொருவர் பயன்படுத்த இயலும் என்ற எண்ணம் தொழில் உலகத்தையே மாற்றிற்று. முன்பின் அறியாதவர்களுக்கு இடையே ஏற்படும் ஒப்பந்தமே பொது அளவு.

இவ்விரண்டு கொள்கைகளும் மோதிய களம் முதல் உலகப் போர். கனடா நாட்டுப் படை, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சர் சார்லஸ் ராஸ் வகுத்துக் கியூபெக் நகரில் செய்த ராஸ் ரைபிளை ஏந்திச் சென்றது. குறி தவறாத அருமையான துப்பாக்கி அது. அதன் தோட்டா அறை மிக இறுக்கமான அளவில் கடையப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் அறையோ தளர்வானது. சேறு படிந்த தோட்டாவும் உள்ளே செல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். போர் அவசரத்தில் பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் செய்த தோட்டாக்கள் அளவில் சிறிது கூடியும் குறைந்தும் வந்தன. தளர்ந்த அறை அவற்றை ஏற்றது. இறுகிய அறை ஏற்க மறுத்தது.

1915-ஆம் ஆண்டு ஏப்ரலில், பெல்ஜியத்தில் ஈப்பர் நகரின் அருகே, நச்சுவாயுத் தாக்குதலின் நடுவே, கனடிய வீரர்கள் ராஸ் ரைபிளின் பூட்டைத் திறக்க இயலாமல் பூட்ஸ் காலால் உதைத்தும் மண்வெட்டிப் பிடியால் அடித்தும் போராடினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனை எறிந்துவிட்டு, மடிந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டனர். சேறு, பூட்டின் அமைப்பிலிருந்த குறை ஆகியவையும் இதற்குக் காரணங்களே. எனினும் அறையின் இறுக்கம் முதன்மையானது. பின்னர் அறைகளைக் கடைந்து பெரிதாக்கினர். 1916-இல் காலாட்படையிலிருந்து ராஸ் ரைபிளையே விலக்கினர். ஆனால் மறைந்திருந்து தொலைவில் உள்ள இலக்கைச் சுடும் தேர்ந்த குறியாளர்கள் அதனைக் கைவிடவில்லை. பொறுக்கி எடுத்த தோட்டாவும் தூய்மையும் உள்ள இடத்தில் அது ஒப்பற்றதாகவே விளங்கிற்று. ஒரே கருவி ஓரிடத்தில் குணமும் மற்றோரிடத்தில் குற்றமும் ஆயிற்று. அளவு நல்லதா தீயதா என்று பொதுவாகக் கேட்பதைவிட, யாருக்கு, எங்கே என்று கேட்பதே அறிவுடைமை.

இனி அளவச்சுக்கு வருவோம். இன்றைய அளவச்சுகளை இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று கூட்டின் உடல், தோள், கழுத்து ஆகிய மூன்றையும் குறுக்கும் முழு அச்சு. மற்றொன்று குண்டைப் பற்றும் கழுத்தை மட்டும் குறுக்கும் கழுத்தச்சு. ஒரே துப்பாக்கியில், கையால் பூட்டித் திறக்கும் வகையில், அமைதியாக அமர்ந்து குறிபார்ப்பவருக்குக் கழுத்தச்சு பொருந்தும். அவருடைய கூடு அவருடைய அறையின் வடிவத்தை ஏறக்குறைய அப்படியே தாங்கியிருக்கும். பித்தளையும் குறைவாகவே உழைக்கும். பல துப்பாக்கிகளுக்குப் பொதுவாக நிரப்புவோருக்கும், வேட்டையாடுவோருக்கும், தானே பூட்டித் திறக்கும் துப்பாக்கி உடையோருக்கும் முழு அச்சே உரியது. கொடிய விலங்கு எதிரே நிற்கும்போது பூட்டு மூடவில்லை என்றால் நுண்மையான குறியினால் யாது பயன்?

கழுத்தச்சை மட்டும் பயன்படுத்துவோரும் இறுதியில் முழு அச்சை நாடியே தீர வேண்டும். சில முறை சுட்ட பின் கூடு தன் மீள்சக்தியை இழந்து அறையில் இறுகத் தொடங்கும். இந்நாளில் நுண்குறிப் போட்டியாளர் பலர் நடுவழி ஒன்றைக் கண்டுள்ளனர். முழு அச்சையே பயன்படுத்தி, தோளை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு மட்டும் பின்னுக்குத் தள்ளுகின்றனர். நம் தலைமயிரின் பருமனே ஆயிரத்தில் ஏறக்குறைய மூன்று பங்கு என்றால், அவர்கள் கையாளும் நுண்மையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தோளைச் சற்று மிகுதியாகத் தள்ளிவிட்டால் என்ன கேடு? கேடு பெரிது. .30-06 போன்ற தோட்டாக்களில், கூட்டின் தோளே அறையின் தோளில் முட்டி அதனை நிலைநிறுத்துகிறது. தோள் பின்தங்கினால் கூட்டுக்கு முன்னும் பின்னும் இடைவெளி உண்டாகும். சுடும்போது மெல்லிய முற்பகுதி அறைச் சுவரைப் பற்றிக்கொள்ள, தடித்த அடிப்பகுதி பின்னோக்கித் தள்ளப்படும். இரண்டுக்கும் இடையில் பித்தளை இழுபட்டு மெலியும். அவ்வாறு பல முறை நேர்ந்தால் அடிக்குச் சற்று மேலே கூடு இரண்டாகப் பிளந்து, கொதிக்கும் வாயு பின்புறம் பாயும். கண்ணையும் இழக்க நேரலாம். விழிப்புள்ளவர்கள் ஒவ்வொரு கூட்டின் வெளிப்புறத்திலும் பளபளக்கும் வளையம் தெரிகிறதா என்று பார்ப்பர். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, பள்ளம் தட்டுப்படுகிறதா என்றும் தடவிப் பார்ப்பர். அச்சைத் திருகி அமைப்பதும் கண்மதிப்பில் செய்யும் வேலையன்று. அளவுகருவி கொண்டு செய்வது.

அச்சில் ஏற்றுமுன் கூட்டைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பசை பூசுதல் வேண்டும். குறைந்தால் கூடு அச்சினுள் இறுகி, இழுக்கும்போது விளிம்பு பிய்ந்துவிடும். மிகுந்தால் எண்ணெய் தோளருகே தேங்கிக் கூட்டைப் பள்ளமாக்கும். நேரான உடல் கொண்ட கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு டங்ஸ்டன் கார்பைடு வளையம் பதித்த அச்சுகள் உண்டு. அவற்றுக்கு எண்ணெய் வேண்டா. கழுத்து குறுகிய ரைபிள் கூட்டுக்கோ இன்றும் எண்ணெய் இன்றியமையாதது.

முழு அச்சுக்கு வேண்டிய பெருவலிமையைத் தந்தது நெம்புகோல். பட்டறை மேசையில் பொருத்திய அழுத்தப் பொறியின் நீண்ட கைப்பிடியைத் தாழ்த்தினால், கையின் சிறு விசை பன்மடங்காகிக் கூட்டை அச்சினுள் ஏற்றும். 1943-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், பிரெட் ஹண்டிங்டன் என்பவர் சுட்ட .22 கூடுகளையே மேலுறையாகக் கொண்டு சிறிய குண்டுகளைச் செய்யும் அச்சு ஒன்றைக் கண்டார். ராக் சக் எனப்படும் மலை அணிலினத்து விலங்கை வேட்டையாட அக்குண்டுகள் பயன்பட்டன. அதனை ஒட்டியே அவருடைய தொழிலகத்துக்கு ஆர்.சி.பி.எஸ். என்ற பெயர் அமைந்தது. அத்தொழிலகம் பின்னர் அளவச்சுகளாலும் அழுத்தப் பொறிகளாலும் பெயர்பெற்றது. ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு விட்டமும், அங்குலத்துக்கு 14 திருகு வரிகளும் கொண்ட அச்சு இத்தொழிலில் பொது வழக்காயிற்று. அதனால் ஒருவர் செய்த அச்சு மற்றொருவர் செய்த பொறியில் பொருந்துகிறது. கூடு, அறை ஆகியவற்றின் அளவுகளை வரையறுக்க 1914-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரை மையமாகக் கொண்டு ஒரு சர்வதேசக் குழுவும், 1926-இல் அமெரிக்காவில் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றும் தோன்றின.

இவ்வளவு திருத்தினாலும் பித்தளைக்கு ஆயுள் உண்டு. பருத்தும் குறுகியும் உழைத்த கூட்டின் கழுத்து நாளடைவில் கடினமாகிப் பிளக்கும். நம் ஊர்ப் பாத்திரத் தொழிலாளர் பித்தளையை அடிக்க அடிக்க அது முறுகுவதையும், தீயில் காய்ச்சினால் மீண்டும் இளகுவதையும் நன்கு அறிவர். தோட்டாக் கூட்டின் கழுத்தையும் அவ்வாறே சுடரில் காட்டி இளக்குகின்றனர். அப்போது அடிப்பகுதியைத் தண்ணீரில் நிறுத்துவதும் உண்டு. அடி இளகிவிட்டால் அழுத்தத்தைத் தாங்காது. சூடான எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும். பித்தளை அவ்வாறு ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இத்தொடர்பில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் இருந்த படைகளின் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்துப் பிளந்தன. எவரும் சுடவில்லை, எவரும் தொடவுமில்லை. இதனைப் 'பருவ வெடிப்பு' என்றனர். 1921-இல் மூர், பெக்கின்ஸேல், மாலின்சன் ஆகிய மூன்று ஆராய்ச்சியாளர்கள் காரணத்தை விளக்கினர். அச்சில் இழுபட்ட பித்தளையினுள் அழுத்தம் தேங்கி நிற்கிறது. குதிரை லாயங்களிலிருந்து எழும் அம்மோனியா, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து அந்தப் பித்தளையைத் தாக்குகிறது. மிதமான வெப்பத்தில் காய்ச்சித் தேங்கிய அழுத்தத்தைப் போக்குவதே பரிகாரம். பாலம், கொதிகலன், விமானம் ஆகியவற்றின் உலோகம் காரணமின்றிப் பிளக்கும்போது பொறியியலார் இன்று மேற்கொள்ளும் ஆராய்ச்சிக்கு, லாயத்தருகே வைத்த தோட்டாப் பெட்டியும் ஒரு முன்னோடி.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் தோட்டா செய்தல் குற்றமாகும். நான் கூறியவை அறிந்துகொள்வதற்கே அன்றிச் செய்து பார்ப்பதற்கு அல்ல.

மாணவர்களே, உங்கள் வீட்டு மின்விளக்கைக் கழற்றி வேறொரு கடையில் வாங்கிய விளக்கைப் பொருத்துகிறீர்கள், அது பொருந்துகிறது. உங்கள் மிதிவண்டியின் திருகாணி தொலைந்தால் எங்கோ செய்த திருகாணி அதன் இடத்தில் அமர்கிறது. இவ்வளவுகளை யார் தீர்மானித்தார்கள், எவ்வளவு கூடுதல் குறைவுக்கு இடம் விட்டார்கள் என்று ஒரு முறையேனும் கேட்டுப் பாருங்கள். ஈப்பர் களத்தில் பூட்டைக் காலால் உதைத்து நின்ற வீரர்கள் அக்கேள்வியின் விலையைக் கொடுத்தனர். உங்களுள் சிலர் நாளை யந்திரங்களை வகுப்பீர்கள். அப்போது உங்கள் பட்டறையில் சரியாகப் பொருந்துகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். உங்களை அறியாத ஒருவன், மழையிலும் சேற்றிலும், வேறொருவர் செய்த உறுப்பை வைத்துக்கொண்டு அதனை இயக்குவான். அவனுக்கும் அது பொருந்த வேண்டும்.